ஐந்து வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்குகிறது. குழந்தை இதையெல்லாம் எப்படித் தாங்கும்?

என் தம்பி மகனுக்கும் இதே நோய் வந்தது, ஆறு வயதில். அவன் அம்மாவிடம் கைக்குழந்தை இருந்ததால் கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் பெரும்பாலும் நான்தான் அழைத்துப் போவேன். நான் பார்த்தவரை, ஊசியின் வலியைவிட, என்ன நடக்கப்போகிறது என்று தெரியாததுதான் பிள்ளைகளைக் கலங்கடிக்கிறது. "சும்மா டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்று ஒருமுறை ஏமாற்றி அழைத்துப் போனால், அடுத்த முறை ஜிப்மர் இருக்கும் கோரிமேடு வருவதற்குள்ளேயே அழுகை தொடங்கிவிடும்.

ஆகவே எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். முதுகுத் தண்டில் ஊசி போடும்போது முழங்காலை வயிற்றோடு ஒட்டிச் சுருண்டு படுக்க வேண்டும். "இறால் மாதிரியா அத்தை?" என்றான். துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவன் அல்லவா! அன்றிலிருந்து அது இறால் ஊசி. சிவப்பு மருந்து ஏற்றினால் சிறுநீரும் சிவப்பாகப் போகும் என்று சொல்லியிருந்தோம். பயப்படாமல் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். எந்தக் கையில் ஊசி என்பதை முடிந்தபோதெல்லாம் அவனிடமே விட்டுவிடுவோம். ஊசி போடலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்?

முடி கொட்டுவதற்குப் பெரியவர்கள்தான் அதிகம் அழுகிறோம். திருவந்திபுரம் கோயிலில் மொட்டை போட்டுப் பழகிய பிள்ளைக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. உண்மையான சோதனை ஸ்டீராய்டு மாத்திரை நாட்கள்தான். முகம் உப்பும், ஓயாத பசி, காரணமில்லாத கோபம். நள்ளிரவில் ரசம் சாதம் கேட்பான். பிசைந்து கொண்டுபோவதற்குள் வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிடுவான். அது பிடிவாதம் அல்ல, மருந்தின் வேலை. மாத்திரை நின்ற பிறகு மெல்ல மெல்லப் பழைய பிள்ளை ஆகிவிட்டான்.

இந்த வயதில், தான் செய்த சேட்டைக்குத்தான் இந்தத் தண்டனை என்று குழந்தை மனதுக்குள் நினைத்துக்கொள்வது உண்டு. அதை வாய்விட்டுக் கேட்காது. நீ செய்த எதனாலும் இது வரவில்லை என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். "ஐயோ பாவம்" என்று வரும் உறவினர்களை வாசலோடு அனுப்பிவிடலாம். கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) குறைவு, தொற்று ஒட்டிவிடும் என்ற காரணம் கைகொடுக்கும், பெரும்பாலான நாட்களில் அது பொய்யும் அல்ல.

சிகிச்சை பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். ஆனால் பிற்பகுதியில் பெரும்பாலும் வீட்டிலேயே மாத்திரைதான். மருத்துவர் சம்மதித்ததும் பள்ளிக்கு அனுப்புங்கள். வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டால் உடனே தெரிவிக்கும்படி ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள்.