சித்திரை முதல் வைகாசி வரை: திருவிழாக்களும் ஒரு நாள் பயணங்களும் – வாசகர் கேள்வி, எமது பதில்

கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்கள் இம்முறை மிகுதியாக வந்துள்ளன. ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் தாயாருக்கு 74 வயது. கள்ளழகர் வைகையில் இறங்குவதை ஒரு முறையேனும் நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கூட்டத்தை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. அழைத்துச் செல்லலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அவசியம் அழைத்துச் செல்லுங்கள், ஆனால் ஆற்றுக்குள் அழைத்துச் செல்ல வேண்டாம். சித்திரா பௌர்ணமியன்று அதிகாலையில் தங்கக் குதிரை வாகனத்தில் அழகர் வைகையில் இறங்கும் சில நிமிடங்களைக் காண்பதற்காக லட்சக்கணக்கானோர் ஒரே இடத்தில் திரள்கிறார்கள். 2022ஆம் ஆண்டு அந்த நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தனர். இரவு முழுவதும் நின்று காத்திருக்கக்கூடிய உடல்வலிமை உள்ளவர்களுக்கே அந்த இடம் ஏற்றது.

அழகரின் பயணம் அந்த ஒரு விடியற்காலையோடு முடிந்துவிடுவதில்லை என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோயிலிலிருந்து கள்ளர் திருக்கோலத்தில் புறப்படும் பெருமாள், வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் (சுவாமி தங்கி வழிபாடு ஏற்கும் இடங்களில்) எழுந்தருளியபடியே நகருக்குள் வருகிறார். ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள் மூன்றுமாவடியில் தொடங்கும் எதிர்சேவையில் ஊர் மக்கள் முன்சென்று அவரை வரவேற்பார்கள். அன்று பகல் முழுவதும் மண்டகப்படிக்கு மண்டகப்படி மெல்ல நகர்ந்து இரவில் தல்லாகுளத்தை அடைகிறார். அங்கே திருவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாளின் மாலையைச் சூடிக்கொண்டு வைகைக்குப் புறப்படுகிறார். உங்கள் தாயாருக்கு உகந்த நாள் இந்த எதிர்சேவை நாள்தான். சாலையோரத்தில் நிழலுள்ள ஒரு மண்டகப்படியை முன்கூட்டியே பார்த்துவைத்து, மடக்கு நாற்காலி ஒன்றையும் கொண்டுசென்றால், அவர் அமர்ந்த இடத்திற்கே அழகர் வருவார்.

அதுவும் முடியாவிட்டால் திரும்பும் பயணம் இருக்கிறது. வண்டியூர் சென்று, தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் அளித்து, இராமராயர் மண்டபத்தில் இரவெல்லாம் தசாவதாரக் கோலங்கள் காட்டி, பூப்பல்லக்கில் விடைபெறும் அழகரை வழியனுப்பும் கூட்டம், வரவேற்ற கூட்டத்தைவிட அமைதியானது. எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது இந்த வழியனுப்பும் கட்டமே. வாசலில் நீர் தெளித்துக் கோலமிட்டு, பேரக்குழந்தைகளை முன்னால் நிறுத்திக்கொண்டு பாட்டிமார்கள் காத்திருக்கும் அந்தத் தெருக்களில் நிற்பது உங்கள் தாயாருக்கும் நிறைவளிக்கும் என்று நம்புகிறேன்.

மீனாட்சி திருக்கல்யாணத்தையும் இதே பயணத்தில் சேர்த்துவிட முயல வேண்டாம். கல்யாணத்திற்கு மறுநாள் மாசி வீதிகளில் தேரோட்டம். ஆனால் கல்யாணத்திற்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் இடையே சில ஆண்டுகளில் இரண்டு நாள் இடைவெளி இருக்கும், சில ஆண்டுகளில் நான்கு நாள்வரை நீளும். ஆகவே அந்தந்த ஆண்டின் அழைப்பிதழைப் பார்த்த பிறகே தங்குமிடத்தைப் பதிவு செய்யுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை என்பதால், கூட்டத்தில் பிரிந்துவிட்டால் சந்திக்க வேண்டிய கோபுர வாசலை உள்ளே நுழைவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

கேள்வி: சென்னையிலிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பக்கூடிய, அதிகம் பேசப்படாத கோடைத் திருவிழா ஏதேனும் உண்டா?
– வாசகி, சென்னை

பதில்: உண்டு. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் அதே சித்திரா பௌர்ணமி நாளில், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் ஊரைவிட்டுப் புறப்பட்டு ஐயங்கார்குளம் என்னும் சிற்றூருக்கு எழுந்தருளுகிறார். அங்கே நடவாவிக் கிணறு என்று ஒன்று இருக்கிறது. தரையிலிருந்து படிகள் வழியே இறங்கிச் சென்றால் நிலத்தடியில் கல் மண்டபம். அந்த மண்டபத்திற்கு நடுவே கிணறு. ஆண்டின் பெரும்பகுதி மண்டபத்திற்குள் நீர் நின்றிருக்கும். உற்சவத்திற்காக நீரை இறைத்து வெளியேற்றிய பிறகு, பெருமாள் படியிறங்கி அந்த மண்டபத்தை வலம் வருகிறார்; அங்கிருந்து பாலாற்றுக்குச் செல்கிறார். சுட்டெரிக்கும் சித்திரையில் இறைவனைத் தண்ணீரின் இருப்பிடத்திற்கே அழைத்துச் செல்லும் இந்த வழக்கத்தில் நம் முன்னோரின் பரிவு தெரிகிறது.

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். விடியற்காலையில் புறப்பட்டால், வெயில் ஏறுவதற்குள் எட்டாம் நூற்றாண்டில் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலை நிதானமாகப் பார்த்துவிடலாம். அதன் மணற்கல் சிற்பங்கள் காலை வெளிச்சத்தில்தான் நன்றாகத் தெரியும். நண்பகலில் கோயில்கள் நடை சாத்தப்படும். அந்த நேரத்தை வீணென்று கருதாமல், மந்தாரை இலையில் வெந்த, மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லியை உண்டு ஓய்வெடுங்கள். விருப்பமிருந்தால், பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் ஒருவரிடம் அனுமதி கேட்டுப் பட்டுத்தறி இயங்குவதைச் சற்று நேரம் பாருங்கள். பெருமாள் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருப்பார் என்பதை அன்று காலையிலேயே வரதராஜர் கோயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடவாவிக்குள் இறங்கும் படிவழி குறுகலானது. உள்ளே இடம் பிடிக்கத் துடிப்பதைவிட, பெருமாள் வரும் வழியில் நின்று பார்ப்பது நல்லது. அன்றைய கூட்டத்தில் கிணற்றின் அமைப்பைச் சரியாகக் கவனிக்க முடியாது என்பதால், கட்டடக்கலையில் ஆர்வமுடையவர்கள் வேறொரு நாள் தனியாகச் சென்று வருவது சிறந்தது.

அந்த நாள் தவறிவிட்டாலும், வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் விடியற்காலையில் அதே வரதருக்குக் கருட சேவை நடைபெறும். அதற்கு முதல் நாள் இரவே காஞ்சிபுரத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: மே மாதத்தில் ஊட்டி மலர்க் கண்காட்சியை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப விரும்புகிறோம். இயலுமா? இ-பாஸ் கட்டாயமா?
– வாசகர், சேலம்

பதில்: அரசுப் பேருந்தில் செல்வோருக்கு இ-பாஸ் தேவையில்லை. வெளியிலிருந்து சொந்த வாகனத்திலோ வாடகை வாகனத்திலோ செல்வோருக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வாகனங்கள்தான் என்ற வரம்பும் சேர்ந்தது. இந்த எண்ணிக்கைகளும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால், புறப்படுவதற்கு முன் அரசு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழித் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை இருப்பதால், வீட்டிலிருந்தே எவர்சில்வர் புட்டிகளில் நீர் எடுத்துச் செல்ல வேண்டும்.

ஆயினும் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: சேலத்திலிருந்து ஒரே நாளில் ஊட்டிக்குச் சென்று திரும்புவது பயணமன்று, அலைச்சல். பகலின் பெரும்பகுதியை வண்டியில் கழித்துவிட்டு, 1848ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவுக்குள் நின்று பார்க்க ஒரு மணி நேரம்தான் மிஞ்சும். உங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் ஏற்காடு இருக்கிறது. அங்கும் மே மாதத்தில்தான் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடைபெறுகின்றன. விழா நாட்களில் மலைப்பாதையில் ஒருவழிப் போக்குவரத்தைச் செயல்படுத்துவது வழக்கமாதலால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் காலை எட்டு மணிக்குள் கடந்துவிடுவது நல்லது. கண்காட்சி அரங்குகளைப் பார்த்து முடித்ததும் கீழே இறங்கிவிடாதீர்கள். சேர்வராயன் மலையுச்சியிலுள்ள குகைக் கோயிலில் அந்த மலைவாழ் மக்கள் கொண்டாடும் திருவிழாவும் மே மாதத்தில்தான் வருகிறது. மலை தனக்குரியவர்களோடு கொண்டாடும் விழா அது. அரங்குகளிலிருந்து அங்கே செல்ல அதிக நேரம் பிடிக்காது. கிளியூர் அருவியை மட்டும் நம்பிச் செல்ல வேண்டாம். கோடைமழை பெய்திருந்தால்தான் அங்கே நீர் இருக்கும்.

கேள்வி: மே மாதம் குற்றாலத்தில் குளிக்க நீர் இருக்குமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: பெரும்பாலும் இருக்காது. குற்றாலத்தின் சாரல் காலம் தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில் தொடங்குகிறது. மே மாதத்தில் திடீர்க் கோடைமழையால் நீர் வந்தால் மகிழ்வதைவிட எச்சரிக்கையாக இருப்பதே முறை. 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென்று பெருகிய வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. மலையின் மேற்பகுதியில் பெய்யும் மழை கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. காவலர்கள் வெளியேறச் சொன்னால் மறுபேச்சின்றி வெளியேறுங்கள். ஜூலை வரை பொறுத்திருந்து செல்வதே என் பரிந்துரை.

கேள்வி: விடுமுறைக்குக் கும்பகோணம் செல்கிறோம். கோயில்களுக்கு அழைத்தால் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். அவர்களையும் ஈர்க்கும் விழா எது?
– வாசகி, பெங்களூரு

பதில்: சித்திரை விசாகத்தையொட்டித் திருவையாற்றில் நடைபெறும் ஏழூர்த் திருவிழாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஐயாறப்பர் அம்மையோடு கண்ணாடிப் பல்லக்கிலும், அண்மையில் திருமழபாடியில் திருமணம் முடித்த நந்திதேவர் தம் துணைவி சுயசையோடு வெட்டிவேர்ப் பல்லக்கிலும் புறப்பட்டு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் ஆகிய ஊர்களுக்குச் செல்கிறார்கள். ஒவ்வோர் ஊரின் பல்லக்கும் உடன் சேர்ந்துகொள்ள, இறுதியில் ஏழு பல்லக்குகளும் திருவையாற்றில் கூடும்; அங்கே பொம்மை ஒன்று சுவாமிக்குப் பூப்போடும் நிகழ்ச்சி நடைபெறும். புதுமணத் தம்பதியரை உறவினர் வீடுகளுக்கு விருந்துக்கு அழைத்துச் செல்லும் நம் வீட்டு வழக்கந்தான் இது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

ஏழு ஊர்களையும் நடந்து முடிக்க வேண்டும் என்பதில்லை. அடுத்தடுத்துள்ள இரண்டு ஊர்களுக்கிடையே மட்டும் பல்லக்கின் பின்னால் நடக்கச் சொல்லுங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்றுதான் பாசனத்திற்குத் திறக்கப்படுகிறது என்பதால், சித்திரையில் காவிரியும் குடமுருட்டியும் பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். ஆற்றில் குளிக்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்ட வேண்டாம்.

கேள்வி: சிறு குழந்தைகளோடு வெயிலில் செல்லும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, வேலூர்

பதில்: முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை நிழலில் இருப்பது என்ற ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும். நம் திருவிழாக்களின் முக்கிய நிகழ்ச்சிகள் பலவும் விடியலிலும் இரவிலும் அமைந்திருப்பது இதற்கு வசதியாகவே இருக்கிறது. சமயபுரத்து மாரியம்மன் மாசி இறுதி ஞாயிறு தொடங்கி 28 நாட்கள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அந்நாட்களில் அவளுக்குப் படைக்கப்படுபவை துள்ளுமாவு (வெல்லம் கலந்த பச்சரிசி மாவு), நீர்மோர், பானகம், இளநீர் போன்றவை. குழந்தைகளுக்கும் எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்த்து இவற்றையே கொடுக்கலாம். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அடிக்கடி சிறிது சிறிதாக நீர் கொடுங்கள். நிறுத்திய வண்டிக்குள் குழந்தையை ஒரு நிமிடங்கூடத் தனியே விடாதீர்கள். உடல் கொதித்து, குழந்தை சோர்ந்து, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால், நிழலுக்குக் கொண்டுசென்று உடலை நீரால் நனைத்து விசிறியபடியே 108-க்கு அழையுங்கள்.

கேள்வி: அலுவலக நண்பர் தம் கிராமத்து அம்மன் கொடை விழாவுக்கு அழைத்திருக்கிறார். எனக்கு அந்த வழக்கங்கள் தெரியாது. எப்படி நடந்துகொள்வது?
– வாசகர், ஓசூர்

பதில்: பெரிய திருவிழாக்களைக் குறித்து இவ்வளவு எழுதினாலும், அனைவரும் ஒரு முறையேனும் பார்க்க வேண்டியது இத்தகைய விழாவையே என்பேன். அங்கே பார்வையாளர் வரிசை என்று தனியாக ஒன்று கிடையாது. வந்தவர் எல்லாரும் விருந்தினர். முளைப்பாரி, மாவிளக்கு, தீச்சட்டி என ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் வேண்டுதல் ஆதலால், நோன்பிருப்பவர்களைத் தொடுவதோ வழிமறித்துப் படம் எடுப்பதோ கூடாது. சாமி வந்து ஆடுபவரைப் படம் எடுக்கவே வேண்டாம். சில ஊர்களில் காப்புக் கட்டிய பிறகு ஊருக்குள் தங்கியவர்கள் விழா முடியும் முன் வெளியூரில் இரவு தங்கக்கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. அவ்வூரில் விருந்தினருக்கும் அது பொருந்துமா என்பதை நண்பரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

அன்பளிப்பாக எதையாவது எடுத்துச் செல்ல விரும்பினால், அன்னதானத்திற்கு அரிசியோ நீர்மோர்ப் பந்தலுக்குத் தயிரோ கொடுக்கலாம். எது தேவை என்பதை நண்பரின் வீட்டார் சொல்வார்கள்.

இறுதியாக ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசியதில் 11 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். தேரோ சப்பரமோ புறப்படும் தெருக்களில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி மின்வாரியத்திடம் தெரிவித்துவிட்டார்களா என்று நண்பரிடம் கேளுங்கள். விருந்தினர் இதைக் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். பதில் தெளிவாக இல்லையென்றால், நண்பரையும் அழைத்துக்கொண்டு விழாக் குழுவினரிடமே சென்று கேளுங்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும்வரை வடம் பிடிக்காதீர்கள், குழந்தைகளையும் தேரின் அருகே அனுப்பாதீர்கள்.