சாதாரண மனிதர்கள் செஸ் பலகையின் சிப்பாய்கள் மாதிரிதானே? அவர்கள் வாழ்க்கைக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா?

வாழ்க்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. சிப்பாயைப் பற்றிச் சொல்லலாம். நீங்கள் எடுத்துக்கொண்ட உவமை ஒரு தப்பான கணக்கின் மேல் நிற்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் இருபத்தைந்து, முப்பது வயதில்தான் கேட்கத் தோன்றும். கூடப் படித்தவர்கள் எங்கேயோ போயிருப்பார்கள். நாம் அதே ஊரில், அதே பேருந்தில், மாதச் சம்பளத்துக்கு ஓடிக்கொண்டிருப்போம். உங்கள் நிலையும் அதுதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செஸ் வகுப்பில் முதல் வாரமே ஒரு பட்டியல் சொல்லித் தருவார்கள்: சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9. உங்கள் மனதில் இருப்பது இந்தப் பட்டியல்தான். காயை வெட்டிக் காயை வாங்கும்போது லாபமா நட்டமா என்று சட்டென்று பார்க்க உதவும் சராசரி அது, அவ்வளவுதான். பலகையின் அடுத்தடுத்த பத்திகளில் (மேலிருந்து கீழாக ஓடும் கட்ட வரிசைகளில்) ஜோடியாக ஆறாவது வரிசைக்கு வந்துவிட்ட இரண்டு சிப்பாய்களை, எதிரி ராஜா தூரத்தில் இருந்தால், ஒரு யானையால் தனியாகத் தடுக்கவே முடியாது. பட்டியல்படி இரண்டு மதிப்புள்ளவை ஐந்து மதிப்புள்ளதை ஜெயிக்கின்றன. அதே இரண்டு சிப்பாய்களும் ஒரே பத்தியில் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டால் முன்னால் நிற்பது பின்னால் இருப்பதன் வழியை அடைக்கும், ஒன்றை ஒன்று காக்கவும் முடியாது. கட்டை மாறவில்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்கள், எத்தனையாவது வரிசை என்பதுதான் மாறியது.

இன்னொன்று. சிப்பாயின் பலமே அதன் விலை குறைவாக இருப்பதுதான். சிப்பாய் குறிவைக்கும் கட்டத்தில் எதிரி ராணி நிற்க முடியாது. அந்தக் கட்டத்தை எத்தனை காய்கள் காவல் காத்தாலும் பயனில்லை, 1 கொடுத்து 9 வாங்க யாரும் தயங்கமாட்டார்கள். டி4, இ4 கட்டங்களில் (எழுத்து பத்தியைக் குறிக்கும், எண் வரிசையைக் குறிக்கும்) இரண்டு வெள்ளைச் சிப்பாய்களை வையுங்கள். சி5, டி5, இ5, எஃப்5 என்று நடுப்பலகையின் நான்கு கட்டங்கள் கறுப்பின் பெரிய காய்களுக்கு மூடிப்போகும். இந்த வேலையை ராணியை வைத்துச் செய்ய முடியாது.

அசையாமல் நிற்பதும் வேலைதான். காஸ்லிங் செய்து, அதாவது யானையின் உதவியோடு ஓரமாக ஒதுங்கிய கறுப்பு ராஜாவுக்கு முன்னால் ஜி7இல் ஒரு சிப்பாய் நிற்கும். பல ஆட்டங்களில் கடைசிவரை அது ஒரு அடி எடுத்து வைக்காது. பார்ப்பவருக்கு அது எதுவுமே செய்யாத மாதிரி இருக்கும். ஆனால் எஃப்6, எச்6 இரண்டையும் அது காத்துக்கொண்டிருக்கிறது. அதை ஜி6க்குத் தள்ளிவிட்டு, கறுப்புக் கட்டத்து பிஷப்பையும் மாற்றிக்கொண்டால் அந்த இரண்டு கட்டங்களும் ஓட்டையாகிவிடும். வெள்ளை ராணி எச்6இல் வந்து உட்காரும். எஃப்6க்கு ஒரு வெள்ளைச் சிப்பாய் வந்து சேர்ந்தால் அடுத்து ஜி7இல் மேட், ராஜாவுக்குத் தப்ப வழியில்லாமல் ஆட்டம் முடிந்துவிடும். சிப்பாய் பின்னால் வராது என்பதால் இதைத் திருத்தவும் வழியில்லை. சிப்பாய்கள்தான் செஸ்ஸின் உயிர் என்று பிலிடோர் 1749இலேயே எழுதினார், அவர் காலத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர். ஏழைச் சிப்பாய்க்கு ஆறுதலாக அவர் அதை எழுதவில்லை. சிப்பாய்கள் எப்படி நிற்கின்றன என்பதை வைத்துத்தான் மற்றக் காய்கள் எங்கே போகலாம் என்பது முடிவாகிறது, அதைத்தான் சொன்னார்.

நம் ஊர்ப் பையனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர், சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பில் குகேஷும் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளியில் சமமாக நின்று ஆடிய 14ஆவது ஆட்டம். கடைசியில் இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் இரண்டு சிப்பாய், டிங்கிடம் ஒன்று. சரியாக ஆடினால் டிராதான். 55ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2க்குக் கொண்டுபோனார். குகேஷ் யானைகளை வெட்டிக்கொண்டார், பிறகு டி5இல் பிஷப்பையும் வலிய மாற்றினார். இப்போது பலகையில் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். அதுவரை டிராவில் கரைந்துபோகவிருந்த அந்த ஒரு கூடுதல் சிப்பாய்தான் 18 வயதில் அவரை உலக சாம்பியனாக்கியது.

இந்த இடத்தில் உடனே ஒருவர், "சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் ராணியாகலாம், நீங்களும் ஆகலாம்" என்று சொல்ல வருவார். மேடைப் பேச்சுகளில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வசனம் அது. நான் அதைச் சொல்லவில்லை. பெரும்பாலான சிப்பாய்கள் எட்டாவது வரிசையைப் பார்ப்பதே இல்லை. ஏ பத்தியில் இருக்கும் சிப்பாயாக இருந்தால், கூடவே சொந்த ராஜா வந்தாலும், எதிரி ராஜா மூலைக்கு வந்துவிட்டால் டிராதான். இது முயற்சிக் குறைவால் நடப்பதல்ல. எந்தப் பத்தியில் பிறந்தோம் என்பதும் கணக்கில் உண்டு.

ஆறுதலுக்குப் பதிலாக ஒரு நிலையைத் தருகிறேன், பலகையில் அடுக்கிப் பாருங்கள். வெள்ளை: ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு: ராஜா ஏ1, யானை டி5. வெள்ளை ஆட வேண்டும். சிப்பாய் சி7க்குப் போகிறது. கறுப்பு யானை டி6இல் செக் வைக்கிறது. வெள்ளை ராஜா சி பத்திக்கு ஏறினால் யானை பின்னால் போய் டி1இல் நின்று சி1இலிருந்து சிப்பாயைப் பிடிக்கப் பார்க்கும், அதனால் பி5, பி4, பி3 என்று இறங்குகிறது. யானையும் டி5, டி4, டி3 என்று செக் வைத்தபடியே வருகிறது. ராஜா சி2க்கு வந்ததும் செக் தீர்ந்துவிட்டது. அப்போது யானை டி4க்குப் போகிறது. இது பொறி. சிப்பாய் சி8இல் ராணியானால் யானை சி4இல் செக் வைக்கும். ராணி அதை வெட்டியே ஆக வேண்டும், வெட்டினால் கறுப்பு ராஜாவுக்கு நகரக் கட்டமில்லை. ஸ்டேல்மேட், டிரா.

1875இல் ஃபென்டனும் பாட்டரும் ஆடிய ஓர் ஆட்டத்தை நினைவில் வைத்து, பார்பியே என்பவர் 1895இல் கிளாஸ்கோ செய்தித்தாள் ஒன்றில் இந்த டிராவைப் புதிராகப் போட்டார். சாவேத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் அப்போது அந்த ஊரில் இருந்தார். பலமான ஆட்டக்காரர் இல்லை. அவர்தான் டிரா இல்லை, வெள்ளை ஜெயிக்கிறது என்று காட்டினார். எப்படி? சி8இல் சிப்பாய் ராணியாகக் கூடாது, யானையாக வேண்டும். இப்போது கறுப்பு சி4இல் செக் வைத்தால் வெள்ளை தாராளமாக வெட்டலாம், ஏ2 கட்டம் கறுப்பு ராஜாவுக்குத் திறந்திருப்பதால் ஸ்டேல்மேட் இல்லை. அடுத்து ஏ8இல் மேட் வரும், அதைத் தடுக்கக் கறுப்பு யானை ஏ4க்குப் போயாக வேண்டும். வெள்ளை ராஜா பி3க்கு நகர்கிறது. ஏ4 யானையும் போகும், சி1இல் மேட்டும் காத்திருக்கிறது. இரண்டையும் ஒரே நகர்வில் தடுக்க முடியாது.

9 புள்ளிக்கு ஆசைப்பட்டால் டிரா, 5 புள்ளி போதும் என்றால் ஜெயம். பாதிரியாரின் பெயர் அந்த ஒரே நகர்வுக்காக இன்றும் புத்தகங்களில் இருக்கிறது. பெயர் நின்றதால்தான் அவர் வாழ்க்கைக்கு மதிப்பு வந்தது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் வந்து மனதைத் திறந்தவர்களில் பலருக்குச் செஸ் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. அவர்களுக்கு அவர் வேறு ஏதோ காரணத்துக்காகத் தேவைப்பட்டார், அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அதனால் அதன் எடை குறைந்துவிடாது.

உவமையை இதற்கு மேல் இழுத்தால் நான் எதிர்ப்பேன். செஸ்ஸில் சிப்பாயைப் பலி கொடுக்கலாம், கேம்பிட் என்று அதற்கு மரியாதையான பெயரும் உண்டு. சிப்பாய்க்கு மதிப்பே ராஜாவை வைத்துத்தான், பலியான கட்டை அடுத்த ஆட்டத்தில் மறுபடி இரண்டாம் வரிசையில் வந்து நிற்கும். பட்டாசு ஆலையில் கருகியவரையும் மலக்குழியில் மூச்சடைத்துப் போனவரையும் பலியான சிப்பாய் என்று எழுதுகிறார்கள். அவர் யாருடைய ஆட்டத்துக்காகவும் பிறக்கவில்லை, அவருக்கு அடுத்த ஆட்டமும் கிடையாது. உங்கள் கேள்விக்கு என் நேரடிப் பதில் இதுதான்: மதிப்பு உண்டு, யாருக்கும் பயன்படாத நாளிலும் உண்டு.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். செஸ் ரேட்டிங் போட்டிகளில் முதல் இருபது போர்டுக்கு ஏசி அறை, நல்ல நாற்காலி, நல்ல கடிகாரம். கடைசிப் போர்டுகள் பல இடங்களில் வராந்தாவில். யாரையும் வெளியேற்றாமல் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழச் சம புள்ளிக்காரர்களை மோதவிடும் ஸ்விஸ் முறை எப்படி நடக்கிறது என்பது நடத்துபவர்களுக்குத் தெரியும். 200 பேர் வந்தால் முதல் சுற்றில் ரேட்டிங் பட்டியலின் 1ஆம் இடத்துக்காரர் 101ஆம் இடத்துக்காரரோடு ஆடுவார். கீழ்ப்பாதி வராவிட்டால் முதல் சுற்றே இல்லை. ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எலோ எண்ணும் (ரேட்டிங்) தனியாக நிற்காது, இரண்டு பேருக்கு நடுவில் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. 200 புள்ளி கூட இருப்பவர் நான்கு ஆட்டத்துக்குச் சுமார் மூன்று புள்ளி எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அவருக்குக் குறையும். அந்தக் கணக்கை ஓட வைப்பதே வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான். நுழைவுக் கட்டணமும் அவர்கள் அதே அளவு கட்டுகிறார்கள், அல்லது கூடுதலாகக் கட்டுகிறார்கள், ஏனென்றால் கிராண்ட்மாஸ்டர் போன்ற செஸ் பட்டம் பெற்றவர்களுக்குத்தான் பல போட்டிகளில் இலவச நுழைவு. 97ஆவது போர்டுக்கும் ஒரு மின்விசிறி போடுங்கள் என்று கேட்கும் பெற்றோரை அடுத்த முறை போட்டி நடத்துபவர்கள் முறைக்காமல் இருந்தால் நல்லது.