முத்திரை இல்லாத சர்வீஸ் புத்தகம்

கேள்வி: டீலர் சான்றளித்த பழைய கார் வாங்கி 3 மாதம் ஆகிறது, அண்ணா. மீட்டரில் 71,000 கிலோமீட்டர். சர்வீஸ் புத்தகத்தில் 60,000-க்கான முத்திரையே இல்லை. பராமரிப்பு வாரண்டியில் சேராது என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தங்கச்சி, முதலில் ஆயில் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். தார் மாதிரி ஒட்டினால் நாளைக்கே ஆயிலை மாற்றுங்கள். டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பட்டை) உள்ள வண்டியா? அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு வளைந்துவிடும். அப்புறம் சர்வீஸ் செய்யவில்லை என்று வாரண்டியையே கைகழுவுவார்கள். எனக்கு அதுதான் பயம். பராமரிப்பு வாரண்டியில் சேராது என்பது சரிதான். ஆனால் விடுபட்ட சர்வீஸைச் சொல்லாமல் விற்றது வேறு விஷயம். சான்றளிக்கும்போது சோதித்த பட்டியலை எழுத்திலேயே கேளுங்கள். பொருளில் குறை இருந்தால், தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதத்துக்குள் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ பணம் திருப்பவோ கேட்கலாம். உங்களுக்கு இன்னும் 3 மாதம்தான் இருக்கிறது.