மூத்திரப்பைப் புற்றுநோய்க்கு டி.பி. தடுப்பு மருந்து: ஆறு வாரத்தோடு நிறுத்திவிடலாமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் பர்மாவில் பெகு என்ற ஊரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 67 வயது, வாலிப வயதிலிருந்தே சுருட்டு பிடிப்பவர். போன வருடம் மூத்திரத்தில் ரத்தம் வந்தது. வலி இல்லை, தானாகவே நின்றுவிட்டது, அதனால் விட்டுவிட்டோம். மறுபடி வந்தபோது யாங்கோனில் காட்டினோம். மூத்திரப்பையில் கட்டி என்று இரண்டு தடவை சுரண்டி எடுத்தார்கள். ஹை கிரேடு, டி1, தசைக்குள் போகவில்லை என்று ரிப்போர்ட். பிறகு வாரம் ஒன்றாக ஆறு வாரம் பி.சி.ஜி. என்ற டி.பி. தடுப்பு மருந்தை உள்ளே விட்டார்கள். இப்போது கேமரா விட்டுப் பார்த்ததில் சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் மூன்று வருடத்துக்கு விட்டு விட்டு வரச் சொல்கிறார்கள். "நோய்தான் போய்விட்டதே" என்கிறார் அப்பா. அம்மாவுக்கு வேறு பயம். இது டி.பி. கிருமியாமே, வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களே என்கிறார். அப்பாவுக்கு இருபது வருடத்துக்கு முன் டி.பி. வந்து முழுசாக மருந்து சாப்பிட்டிருக்கிறார். நிறுத்திவிடலாமா? புராஸ்டேட் சுரப்பிக்காகச் செய்யும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை வேறு 6.8 என்று வந்திருக்கிறது. அது புராஸ்டேட் புற்றுநோயாக இருக்குமா?

பதில்: தம்பி, நிறுத்த வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நோயில் நல்ல செய்தி வந்த கையோடு சிகிச்சையை விட்டுவிடுபவர்கள் நிறைய. கேமராவில் சுத்தமாக இருக்கிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அதன் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஹை கிரேடு டி1 என்பது மூத்திரப்பையின் உள்சுவரைத் தாண்டி அடுத்த அடுக்கில் கால் வைத்துவிட்ட, வீரியம் கூடிய கட்டி. கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்த பிறகும் திரும்ப முளைக்கிற குணம் அதற்கு அதிகம். அப்படி முளைப்பது தசைக்குள் இறங்கிவிட்டால் பையையே எடுக்க வேண்டி வரும். இரண்டாவது தடவையும் சுரண்டிப் பார்த்து, தசையில் இல்லை என்று உறுதி செய்திருக்கிறார்கள். அது மிகச் சரியான வேலை. உங்கள் டாக்டர் முறையாகத்தான் போகிறார்.

டி.பி. தடுப்பு மருந்துக்கும் மூத்திரப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்பது நியாயம். நம் பிள்ளைகளுக்குப் பிறந்ததும் கையில் போடுகிறார்களே, அதே பி.சி.ஜி.தான். பிரான்சில் கால்மெட், கெரென் என்ற இருவர் மாட்டுக்கு வரும் டி.பி. கிருமியை எடுத்து, 1908 முதல் 13 வருடம் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் வீரியத்தை அடக்கி உண்டாக்கியது. 1921-ல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். 1929-ல் அமெரிக்காவில் ரேமண்ட் பேர்ல் என்பவர் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டி.பி. இருந்தவர்களிடம் புற்றுநோய் குறைவாக இருப்பதைக் கவனித்தார். இதை மூத்திரப்பைக்குக் கொண்டுவந்தவர் கனடாவின் கிங்ஸ்டன் நகரத்தில் இருந்த அல்வரோ மொராலஸ். 1976-ல் ஒன்பதே நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். அவர் வாரம் ஒன்றாக ஆறு வாரம் கொடுத்ததற்கு, அவருக்குக் கிடைத்த மருந்து ஆறு ஆறு குப்பிகளாக வந்ததும் ஒரு காரணம். அந்த ஆறுதான் உங்கள் அப்பா வரை வந்திருக்கிறது! 1990-ல் அமெரிக்க அரசு இதை மூத்திரப்பைப் புற்றுநோய்க்கு அங்கீகரித்தது.

உள்ளே நடப்பது இதுதான். வீரியம் அடங்கிய கிருமிகள் பையின் உள்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன, மிச்சமிருக்கும் புற்று அணுக்களுக்குள்ளும் புகுகின்றன. உடம்பின் காவல் அணுக்கள் டி.பி. வந்துவிட்டது என்று கூட்டமாக அங்கே ஓடி வருகின்றன. கிருமியை அடிக்க வந்தவை புற்று அணுக்களையும் சேர்த்து அடிக்கின்றன. முதல் ஆறு வாரத்தில் இந்த எதிர்ப்பு கிளம்பிவிடுகிறது, ஆனால் மாதங்கள் போகப்போகத் தணிந்துவிடும். அதைத் திரும்பத் தட்டி எழுப்பத்தான் 3, 6, 12, 18, 24, 30, 36-ஆம் மாதங்களில் மூன்று மூன்று வாரம் வரச் சொல்கிறார்கள்.

இது பழக்கத்துக்காகச் சொல்லும் அட்டவணை இல்லை, சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவில் டொனால்ட் லாம் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரத்தோடு நிறுத்தியவர்களில் பாதிப் பேருக்குச் சுமார் 36 மாதத்துக்குள் கட்டி திரும்பியது. தொடர்ந்து எடுத்துக்கொண்டவர்களில் பாதிப் பேருக்குத் திரும்பச் சுமார் 77 மாதம் ஆனது. சரி, தடவைகளையாவது கொஞ்சம் குறைக்கலாமா என்றும் ஐரோப்பாவில் நிம்பஸ் என்ற ஆய்வில் பார்த்தார்கள். 345 பேர். ஒரு வருடத்தில் ஒரு பாதிக்கு வழக்கப்படி 15 தடவை, இன்னொரு பாதிக்கு 9 தடவை என்று திட்டம். குறைத்து எடுத்தவர்களில் 27 சதவீதம் பேருக்குக் கட்டி திரும்பியது, முழுசாக எடுத்தவர்களில் 12 சதவீதம் பேருக்கு. இதற்கு மேல் நடத்துவது நியாயமில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் எப்போதும் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்வேன்.

ஒரு வருடம் போதுமா, மூன்று வருடம் வேண்டுமா என்பதற்கும் விடை இருக்கிறது. 2013-ல் வந்த பெரிய ஐரோப்பிய ஆய்வின்படி, நடுத்தர ஆபத்துள்ள கட்டிகளுக்கு முழு அளவில் ஒரு வருடம் போதும். உங்கள் அப்பாவுக்கு வந்ததைப்போல ஆபத்து கூடிய கட்டிகள் திரும்புவதைக் குறைக்க, முழு அளவில் மூன்று வருடம்தான் மேல். ஆக உங்கள் டாக்டர் கூட்டிச் சொல்லவில்லை.

இனி அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். பர்மாவில் டி.பி. அதிகம். அக்கம்பக்கத்தில் யாராவது இருமி இருமி இளைத்ததை அவர் பார்த்திருப்பார், அதனால் பயப்படுகிறார். டி.பி. பரவுவது நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது காற்று வழியாக. மூத்திரப்பைக்குள் விட்ட பி.சி.ஜி. அப்படிப் பரவாது. பேரப்பிள்ளைகள் தாத்தா மடியில் உட்காரலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். தனிப் பாய், தனிக் குவளை எதுவும் வேண்டாம். கவனம் வேண்டியது மூத்திரத்தில் மட்டும், அதுவும் மருந்து விட்ட அன்றைக்கு. முதல் ஆறு மணி நேரம் உட்கார்ந்தே போகச் சொல்லுங்கள், தெறிக்காது. ஒவ்வொரு தடவையும் துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தை இரண்டு கப் ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, அப்புறம் தண்ணீர் ஊற்ற வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதோடு சரி.

நீங்கள் பெகுவிலிருந்து வருவதால் இன்னொன்று. மருந்தை இரண்டு மணி நேரம் உள்ளே அடக்கி வைத்திருக்க வேண்டும். விட்ட உடனே பஸ் பிடிக்கப் போகாதீர்கள். யாங்கோனில் சொந்தக்காரர் வீடு இருந்தால் சாயங்காலம் வரை அங்கேயே இருந்து, மூத்திரம் போய், எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் கிளம்புங்கள். பஸ்ஸில் அடிக்கடி போக வேண்டும்போல் முட்டினால் அவர் படும் அவஸ்தையில் அடுத்த தடவை வரவே மாட்டேன் என்பார். பாதியில் விடுபவர்களில் பலர் இப்படிச் சின்னச் சின்னக் கஷ்டங்களால்தான் விடுகிறார்கள். மருந்து விடும் நாள் காலையில் தண்ணீர், தேநீர் குறைவாகக் குடித்தால் அடக்கி வைப்பது சுலபம்.

பழைய டி.பி.யைப் பற்றி: முழுசாக மருந்து சாப்பிட்டுக் குணமானது தடை இல்லை. இப்போது நோய் உயிரோடு இருந்தால்தான் தடை. மார்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் டாக்டருக்கு அந்தப் பழைய கதை தெரியும்படி கட்டாயம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்ல வேண்டும், அது இந்தச் சிகிச்சைக்கு ஒத்துவராது. மூத்திரத்தில் ரத்தம் தெரிகிற நாளிலும், மூத்திரத் தொற்று இருக்கும்போதும், டியூப் விடும்போது காயமாகி ரத்தம் வந்தாலும், அன்றைக்கு மருந்தைத் தள்ளிப்போட வேண்டும். காயத்தின் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலக்கக் கூடாது.

எரிச்சல், அடிக்கடி மூத்திரம், ஓரிரு நாள் லேசான காய்ச்சல், உடம்பு வலி இவை சகஜம். ஆனால் காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டி ஒரு நாளுக்கு மேல் நின்றால், நடுக்கம் வந்தால், விதைப்பை வீங்கினால், மூச்சு வாங்கினால் காத்திருக்காதீர்கள். அரிதாக பி.சி.ஜி. கிருமி உடம்பு முழுக்கப் பரவிவிடும். அதைக் குணப்படுத்த ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால் என்ற டி.பி. மருந்துகள் இருக்கின்றன. அவற்றோடு வழக்கமாகச் சேர்க்கும் பைரசினமைட் மட்டும் இந்தக் கிருமியிடம் பலிக்காது. பெகுவில் ராத்திரி ஏதாவது கிளினிக்குக்கு ஓட வேண்டி வந்தால் அங்குள்ள டாக்டருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. "மூத்திரப்பையில் பி.சி.ஜி. விட்டிருக்கிறது" என்று தேதியோடு ஒரு சீட்டு எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள். எரிச்சலுக்கென்று மருந்துக் கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது பி.சி.ஜி. கிருமியைக் கொல்லக்கூடியது, போட்ட மருந்து வீணாகும்.

மருந்து கிடைப்பது ஒரு நிஜமான பிரச்சினை. உலகத்தில் இதைத் தயாரிக்கும் நிறுவனங்கள் குறைவு. கனடாவில் இருந்த ஒரு பெரிய ஆலை 2012-ல் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டதிலிருந்து பல நாடுகளில் தட்டுப்பாடு. நமக்குப் பக்கத்தில் பூனாவின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கிறது. அடுத்த மூன்று வாரத்துக்கான மருந்து கைவசம் இருக்கிறதா என்று முன்கூட்டியே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். யாராவது சென்னையிலிருந்து வரும்போது பையில் போட்டுக் கொண்டுவரட்டும் என்று நினைக்காதீர்கள். இதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்த மருந்தை நம்ப முடியாது. மருந்து கிடைக்கவே இல்லையென்றால், ஜெம்சிடபின், டோசிடாக்செல் என்ற இரண்டு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பைக்குள் விடும் முறை இருக்கிறது. பி.சி.ஜி.யோடு அதை நேருக்கு நேர் வைத்துப் பார்க்க அமெரிக்காவில் பிரிட்ஜ் என்ற ஆய்வு தொடங்கினார்கள். எதுவும் செய்யாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

புதிய மருந்துகளும் வருகின்றன. பி.சி.ஜி.க்கு அடங்காத கட்டிகளுக்கு 2022-லும் 2024-லும் அமெரிக்காவில் புதியவை அங்கீகாரம் பெற்றன. விலை நம் கைக்கு எட்டாது. அப்பாவுக்கு இப்போது அவை தேவையும் இல்லை. 2025-ல் வந்த இரண்டு ஆய்வுகளில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்ட ஊசியாக ஏற்றும் இம்யூனோதெரபி மருந்தைப் பி.சி.ஜி.யோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அதிலும் பி.சி.ஜி.யை முழு அட்டவணையாகத் தொடர்ந்தவர்களுக்குத்தான் பலன் கூடியது. முதல் ஆறு வாரத்தோடு பி.சி.ஜி.யை நிறுத்திவிட்டுப் புது மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களுக்குக் கூடவில்லை.

சுருட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூத்திரப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதி, புகையிலைப் புகையால் வருவது. புகையில் உள்ள நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிந்து, மூத்திரத்தோடு பையில் மணிக்கணக்காகத் தங்குகிறது. புகையை உள்ளே இழுப்பதில்லை என்று சுருட்டுக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள், வாய் வழியாகவே போதுமான அளவு ஏறும். சிகிச்சை நடக்கும்போதும் பிடித்தால் கட்டி திரும்பும் வாய்ப்பு கூடும். சுருட்டை விட்டுவிட்டுப் புகையிலை போட்ட வெற்றிலைக்கு மாறுவதும் வேண்டாம், அது வாய்ப் புற்றுக்கு வழி. அவரைத் திட்டிப் பலனில்லை தம்பி. ஐம்பது வருடப் பழக்கம், உங்கள் வீட்டில் வேறு யாரும் அவர் கண்முன்னே புகைக்காமல் இருப்பதே பெரிய உதவி.

கடைசியாக பி.எஸ்.ஏ. அந்த 6.8-ஐப் பார்த்துக் கலங்க வேண்டாம். பி.சி.ஜி. பக்கத்திலுள்ள புராஸ்டேட்டுக்குள்ளும் புகுந்து அழற்சி உண்டாக்கும், அதில் பி.எஸ்.ஏ. ஏறும். டியூப் விட்டதும் கேமரா விட்டதும்கூட ஏற்றும். சிகிச்சைக்கு முன்னால் எடுத்த பழைய எண் இருந்தால் தேடி எடுத்துக் காட்டுங்கள். டாக்டர் விரல் விட்டுப் பார்த்ததில் புராஸ்டேட்டில் கெட்டியாக எதுவும் தட்டுப்படவில்லை என்றால், இப்போதே ஊசி விட்டுச் சதை எடுக்க அவசரம் இல்லை. மூன்று மாதம் கழித்து, அடுத்த சுற்று மருந்து விடுவதற்கு முன்னால் இன்னொரு தடவை ரத்தம் கொடுக்கட்டும். இறங்கினால் விட்டுவிடலாம். ஏறிக்கொண்டே போனால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து முடிவு செய்யலாம். அந்தப் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரிடம் பி.சி.ஜி. போட்டிருப்பதைச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த அழற்சி எம்.ஆர்.ஐ.யில் புற்றுநோய் மாதிரியே தெரியும்.