பெங்களூரில் சூரிய உதயம் ஜனவரியிலும் ஏன் தாமதமாகிறது

வணக்கம். டிசம்பர் 21ஆம் நாளே மிகக் குறுகிய பகல் என்றால், ஜனவரியிலும் உதயம் தாமதமாவதாகக் கைப்பேசிச் செயலி காட்டுவது பிழையா என்று கேட்டிருந்தீர்கள். செயலி சரிதான். அப்பருவத்தில் சூரியன் உச்சிக்கு வரும் நேரமே நாள்தோறும் ஏறத்தாழ 30 வினாடி பின்னுக்குப் போகிறது. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து விரைவாக நகர்வதும், அதன் அச்சுச் சாய்வும் இதற்குக் காரணம். பெங்களூர் 13 பாகை அட்சரேகையில் இருப்பதால் பகலின் நீளம் மிக மெதுவாகவே மாறுகிறது. எனவே உச்சி நேரத்தின் இந்த நகர்வு அந்த மாற்றத்தை விஞ்சி, மிகத் தாமதமான உதயத்தை ஜனவரியின் பிற்பாதிக்குத் தள்ளிவிடுகிறது. தில்லியில் அது முன்னதாகவே நிகழ்ந்துவிடும்.

மிகக் குறுகிய பகலை நீங்களே நிழலைக் கொண்டு சோதிக்கலாம். டிசம்பர் 21 அன்று மொட்டைமாடியில் ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டு, 12:05 முதல் 12:35 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறியுங்கள். கடிகாரத்தின் பன்னிரண்டு மணியை நம்ப வேண்டாம். அன்று நம் ஊரில் உச்சிப்பொழுது ஏறத்தாழ 12:18. மிகக் குறுகிய நிழல் நேர்வடக்கே விழும். அதன் நீளம் சுமார் 74 செ.மீ. இருக்கும்.

ஆனால் இந்த ஒரு நாள் அளவைக் கொண்டு மிகக் குறுகிய பகல் எந்த நாள் என்று துல்லியமாகக் கண்டுபிடிக்க இயலாது, ஏனெனில் டிசம்பர் 11க்கும் 21க்கும் இடையே உச்சி நிழல் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே நீள்கிறது. டிசம்பர் 1ஆம் நாள் உச்சி நிழலை அளந்துவைத்து, அதே நீளம் ஜனவரியில் எந்த நாளில் திரும்புகிறது என்று பாருங்கள். 11ஆம் தேதியை ஒட்டி வரும். இரண்டுக்கும் நடுநாளே நீங்கள் தேடுவது.