பழைய டீசல் பிக்கப் வண்டியில் எந்த வேலைகளை நாமே செய்யலாம், எதற்கு மெக்கானிக்கிடம் போக வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: 2011 மாடல் டீசல் பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள், காலையில் ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் எடுக்கிறது, கியர் போட்டு கிளட்சை விடும்போது பின்னால் 'டக்' என்று சத்தம் வருகிறது, எல்லாவற்றுக்கும் பட்டறைக்குப் போனால் கட்டுப்படியாகவில்லை.

நான் ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயம் செய்கிறேன். 2009 மாடல் டாடா 207 டிஐ வைத்திருக்கிறேன். முருங்கை, தக்காளி, உரமூட்டை எல்லாம் அதில்தான் போகும் வரும். 11 வருஷமாக அதற்கடியில் படுத்து எழுந்ததில் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். பொலிரோ பிக்கப் போன்ற வண்டிகளுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும், ஏனென்றால் அவையும் ஏணி மாதிரிச் சேசிஸ், பின்னால் பட்டை ஸ்பிரிங், நடுவில் கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று அதே அமைப்புதான்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கழற்றி மாட்டும் வேலையை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வேலையை முடிந்தவரை நீங்களே செய்யுங்கள். காலை 5 மணிக்கு, வண்டி குளிர்ந்து கிடக்கும்போது அது என்ன செய்கிறது என்று பார்க்கிற ஆள் நீங்கள் மட்டும்தான். 11 மணிக்குப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தும்போது இன்ஜின் சூடாகியிருக்கும், ஒரு சுற்றில் ஸ்டார்ட் ஆகிவிடும், மெக்கானிக் உங்கள் வாய்வார்த்தையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும், அந்த ஊகத்துக்குத்தான் நாம் பணம் கட்டுகிறோம்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. உங்களுடைய அதே பிரச்சினை, காலையில் அரை நிமிஷம் செல்ஃப் அடித்தால்தான் எடுக்கும். ஒரு பட்டறையில் டீசல் பம்பைக் கழற்றி, பம்பு சரிசெய்யும் லேபுக்கு அனுப்ப வேண்டும், 20 ஆயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். பணம் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்கு போர் போட வந்த வண்டியின் டிரைவர் அண்ணன் கேட்டுவிட்டு, "செல்ஃப் அடிக்கிறதுக்கு முன்னாடி கைப்பம்பை நல்லா அடிச்சுப் பாருங்க, அப்பவும் லேட்டா எடுக்குதான்னு சொல்லுங்க" என்றார். மறுநாள் காலை, டீசல் லைனில் கையால் அழுத்தி டீசலை ஏற்றும் அந்தக் கைப்பம்பை 20, 25 தடவை அடித்து, அது கெட்டியானதும் சாவியைத் திருப்பினேன், உடனே எடுத்தது. பம்பில் கோளாறே இல்லை. ராத்திரியெல்லாம் லைனில் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டேங்கிலிருந்து டீசலை இழுத்து அனுப்பும் சின்னப் பம்பான ஃபீட் பம்பு வரைக்கும் உள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது, அழுத்தத்தில் வருவதில்லை. அதனால் அங்கே ஒரு ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். ஒழுகலைத் தேடித் தேடி 'எல்லாம் காய்ந்துதான் இருக்கிறது' என்று விட்டுவிடுவோம். ஃபீட் பம்புக்கு அப்புறம் உள்ள பகுதியில் கசிந்தால்தான் ஈரம் தெரியும். கண்டுபிடிக்க ஒரு வழி, டீசல் தாங்கும் கண்ணாடி மாதிரியான டியூபை ஃபீட் பம்புக்கு முன்னால் தற்காலிகமாக மாட்டி, இன்ஜினை ஓடவிட்டுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் டேங்கை நோக்கி ஒவ்வொரு ஜாயின்டாகப் பின்னால் போக வேண்டும். என் வண்டியில் டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸ் கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது, ஒரு போல்ட்டின் காப்பர் வாஷரும் தேய்ந்து போயிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து 200 ரூபாய்கூட ஆகவில்லை. காப்பர் வாஷரை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாகப் போடுங்கள். புதிது கிடைக்கவில்லை என்றால் பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மிருதுவாகி உட்காரும்.

கைப்பம்பு அடித்தும் எடுக்கவில்லை என்றால் புகையைப் பாருங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் சைலன்சரில் புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை, அது டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் நாசில் அல்லது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் கம்ப்ரஷன் சம்பந்தப்பட்டது, அதற்கு ஆள் வேண்டும். செல்ஃபே சோம்பலாகச் சுற்றினால் விஷயம் கரண்டில் இருக்கிறது.

அதற்கு உடனே புது பேட்டரி வாங்கிவிடாதீர்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் டைனமோ வேலை செய்கிறது. அப்புறம் முக்கியமான சோதனை: மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும் இன்னொன்றை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை சரியில்லை. இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பின்னல் பட்டையைக் கழற்றி, இரண்டு முனையையும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். பழைய வண்டியில் லைட் மங்கலாக எரிவது, ஹாரன் கம்முவது என்று பல தொல்லைகளுக்கு இந்த ஒரு பட்டைதான் காரணமாக இருக்கும்.

சரி, பின்னால் வரும் 'டக்'. முதலில் புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனை மூட்டில் கூட்டல் குறி மாதிரி இருக்கும் கிராஸைச் சந்தேகப்படுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு அடியில் போய் ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகிப் பாருங்கள். கிராஸ் உட்காரும் இடத்தில் ஆட்டம் தெரிந்தால் போய்விட்டது. ஆட்டம் தெரியாவிட்டாலும், கிராஸின் கப்புகளைச் சுற்றி செங்கல் பொடி மாதிரிச் சிவப்பாக இருந்தால் உள்ளே இருக்கும் ஊசி பேரிங்கின் ஊசிகள் கிரீஸ் இல்லாமல் துருப்பிடித்து அரைபடுகின்றன என்று அர்த்தம். கிரீஸ் அடிக்கும்போது நாலு கப்பிலும் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும், மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்தக் கப் காய்ந்து கிடக்கிறது.

ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன், அதை போல்ட் போட்டு இணைக்கும் ஃப்ளேஞ்சுகளிலும், நடுவில் வழுக்கிப் போகும் இடத்திலும் சென்டர் பஞ்ச்சால் எதிரெதிரே புள்ளி வைத்துவிடுங்கள். சாக்பீஸ் கோடு அழிந்துவிடும். ஷாஃப்டின் இரண்டு முனைக் கவட்டைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு பல் மாறி மாட்டினாலும் வேகம் பிடித்ததும் வண்டி முழுக்க அதிரும், அந்த அதிர்வு நடு பேரிங்கையும் கியர் பாக்ஸ் சீலையும் சேர்த்துத் தின்றுவிடும். புது கிராஸை இறுக்குவதற்கு உங்களிடம் நல்ல பெஞ்ச் வைஸ் இல்லை என்றால் ஷாஃப்டை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய்விடுங்கள், பிரஸ்ஸில் வைத்து ஏற்றிக் கொடுப்பார்கள். சுத்தியல் அடித்து ஏற்றினால் ஒரு ஊசி சாய்ந்து கப்புக்கடியில் படுத்துக்கொள்ளும், கப்பைப் பிடித்து வைக்கும் சர்க்ளிப் வளையம் காடியில் உட்காரவே உட்காராது.

கிராஸ் நன்றாக இருந்தால் பட்டை ஸ்பிரிங் பக்கம் வாருங்கள். ஸ்பிரிங்கைப் பின் அச்சோடு கட்டிப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்திருந்தாலோ, பட்டைகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட் உடைந்திருந்தாலோ பின் அச்சு இருக்கும் ஹவுசிங்கே முன்பின் நகரும், அதிலும் இதே சத்தம்தான் வரும். சந்தேகம் இருந்தால் இரண்டு பக்கமும் பின் சக்கரத்துக்கும் சேசிஸில் ஏதாவது ஒரு குறிப்பிட்ட ஓட்டைக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளங்கள், வித்தியாசம் இருந்தால் தெரிந்துவிடும். யூ போல்ட் புதிதாகப் போட்டால், லோடு ஏற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு இறுக்கு இறுக்க வேண்டும், பட்டைகள் அமர்ந்து இடம் கொடுத்திருக்கும்.

பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும் முறையைப் பலர் தப்பாகச் செய்கிறார்கள். வண்டி தரையில் நிற்கும்போது பாரம் முழுவதும் பின்னின் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கும். கிரீஸ் சும்மா இருக்கும் பக்கம் வழியாக வெளியே வந்துவிடும், தேயும் பக்கம் வறண்டேதான் இருக்கும். சேசிஸை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் அடியுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், ஒரு கிரீஸ் கன், ஒரு கிழிசல் துணி, இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். மழையில், சேற்றில் ஓடிய வண்டிக்கு அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அதிக லோடு ஏற்ற வேண்டும் என்று கூடுதல் பட்டை சேர்ப்பது நம் ஊரில் சகஜம். பல பிக்கப்களில் பின் ஹவுசிங்கிலிருந்து ஒரு கம்பி சேசிஸில் உள்ள பிரேக் வால்வுக்குப் போகும். பாடி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த வால்வு பின் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் கொடுப்பது என்று முடிவு செய்கிறது. பட்டை சேர்த்துப் பாடியை உயர்த்திவிட்டால், முழு லோடிலும் வண்டி காலியாக இருப்பதாக அது நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பட்டை சேர்த்த வண்டியில் இந்தக் கம்பியின் அளவை மாற்றிச் சரிசெய்யாமல் விட்டிருந்தால், மலை இறங்கும்போது அதன் விலை தெரியும். பழைய வண்டி வாங்கியவர்கள் முதல் நாளே குனிந்து இதைப் பார்க்க வேண்டும், சிலர் அந்தக் கம்பியையே கழற்றி வீசியிருப்பார்கள்.

ஆயில் மாற்றுவது, டீசல் ஃபில்டர் மாற்றுவது, ஃபில்டருக்கடியில் சேரும் தண்ணீரைத் திறந்துவிடுவது, ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வது, பெல்ட் மாற்றுவது எல்லாம் ஒரு தடவை பார்த்தால் வந்துவிடும், நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஆயில் ஃபில்டரின் ரப்பரில் கொஞ்சம் புது ஆயில் தடவி, கையால் மட்டும் இறுக்குங்கள். ரேடியேட்டரில் மட்டும் போர்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். எங்கள் பக்கத்துத் தண்ணீர் பானையில் வெள்ளையாகப் படிவதைப் போலத்தான் ரேடியேட்டர் குழாயிலும் படியும். முதல் 3 வருஷம் நான் அதைத்தான் ஊற்றினேன், கடைசியில் ரேடியேட்டரையே மாற்ற வேண்டியதாயிற்று. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

எதைத் தொடக்கூடாது என்று கேட்டீர்கள். டீசல் பம்பும் நாசிலும் லேப் வேலை. பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலின் பல் இடைவெளி, ஸ்டீயரிங் பாக்ஸ், சேசிஸ் வெல்டிங் மூன்றும் அனுபவமும் கருவியும் உள்ளவர்களுக்குத்தான். உங்களுடையது, எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் இன்ஜினா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தவே கூடாது, அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டிவரலாம். பழைய மெக்கானிக்கல் பம்பிலும் நாசில் பீய்ச்சும் இடத்தில் கை போகக்கூடாது.

பிரேக்கைப் பொறுத்தவரை, ஷூ அட்ஜஸ்ட் செய்வது, வீல் சிலிண்டர் கசிகிறதா என்று டிரம்மைக் கழற்றிப் பார்ப்பது உங்கள் வேலை. சிலிண்டர் மாற்றி, பிரேக் லைனில் புகுந்த ஏர் எடுக்கும் வேலையை முதல் இரண்டு தடவை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடும், அதனால் 2 வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாக மாற்றிவிடுங்கள். அவசரத்துக்கு என்று இன்ஜின் ஆயிலை அதில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் உப்பிப் போய்விடும்.

ஜாக்கியை நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பின் சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் கியரில் போட்டு வைத்திருப்பதற்கு அர்த்தமே இல்லை, தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் உருளும். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை, சேசிஸுக்கடியில் ஸ்டாண்டோ தடிமனான மரக்கட்டையோ, அதற்கப்புறம்தான் உடம்பு உள்ளே போக வேண்டும். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள், அது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

உதிரி பாகம் விஷயத்தில், கதவு, கண்ணாடி, டெயில் கேட், இருக்கை மாதிரி சாமான்களைச் சென்னை புதுப்பேட்டை மாதிரிப் பழைய கடைகளில் தாராளமாக வாங்கலாம். பேரிங், பிரேக் சாமான், ரப்பர், ஸ்டீயரிங் ஜாயின்ட் எதையும் பழையதாக வாங்காதீர்கள். உங்கள் வண்டி 8 வருஷத்தைத் தாண்டிவிட்டதால் வருஷா வருஷம் எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், எடுக்க வேண்டும். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே பிரேக், லைட், புகை மூன்றையும் பார்த்துக்கொண்டால் கடைசி வாரத்தில் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியிருக்காது.

நாளைக் காலை வேறு எதையும் செய்வதற்கு முன்னால் கைப்பம்பை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். எத்தனை சுற்றில் எடுத்தது, புகை என்ன நிறம், கிராஸ் கப்பில் சிவப்புப் பொடி இருந்ததா என்று எழுதுங்கள், அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.