ஹெதர் பூவுக்குப் பெட்டி ஏற்றலாமா?

கேள்வி: சொந்த ஊர் மார்த்தாண்டம். அப்பா காலத்தில் ரப்பர் சீசனுக்குக் கேரளாவுக்குத் தேனீப் பெட்டி ஏற்றிப் போவோம். இப்போது இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் இருக்கிறேன்; வீட்டுத் தோட்டத்தில் ஆறு பெட்டி வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் நார்த் யார்க் மூர்ஸ் மேடு முழுக்க ஹெதர் என்ற குட்டைப் புதர்ச்செடி ஊதாவாகப் பூத்துக் கிடக்கிறது. ஆறு பெட்டியையும் அங்கே கொண்டுபோகலாமா? போன வருடம் கொண்டுபோன நண்பர், தேன் எடுக்கும் எந்திரத்தில் எவ்வளவு சுற்றியும் தேன் வரவில்லை என்கிறார். ஏன்?

பதில்: கொண்டுபோகலாம். ஆனால் ஆறையும் வேண்டாம். முதல் வருடம் இரண்டு போதும். அந்த இரண்டையும்கூட ஜூலைக் கடைசியில் ஒருமுறை மேட்டுக்குப் போய் நடந்து பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

ரப்பர் கணக்கை இங்கே போடாதீர்கள். ரப்பரில் பூவை நம்பி யாரும் பெட்டி வைப்பதில்லை. இளம் இலைக்காம்பில் சுரப்பதைத்தான் தேனீ எடுக்கிறது. தோட்டமும் ஒரே வயது மரமாக இருக்கும். ஹெதர் மேடு தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே ஊதா விரிப்பு, உள்ளே இறங்கினால் பல வயதுச் செடிகள். அதற்குக் காரணம் க்ரௌஸ் பறவை. அதன் முக்கியத் தீனி ஹெதர் குருத்துதான். அந்தப் பறவையை வேட்டைக்காக வளர்க்கும் எஸ்டேட்காரர்கள் குளிர்காலத்தில் பட்டை பட்டையாகத் தீ வைத்துச் செடியைப் புதுப்பிக்கிறார்கள். இங்கிலாந்து மேட்டுநிலத்தில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 15 வரைதான் அதற்கு அனுமதி. ஆழமான பீட் மண் (செடிகள் பாதி மட்கிச் சேர்ந்த மண்) உள்ள இடங்களில் அதற்கும் இப்போது கட்டுப்பாடு வந்திருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது எரித்துச் சில வருடம் ஆகி, கணுக்காலுக்கு மேல் முழங்காலுக்குக் கீழ் அடர்ந்து நிற்கும் செடி. தண்டு பருத்து நடுவில் பிளந்து சாய்ந்து கிடந்தால் அது கிழட்டுச் செடி. பூ இருக்கும், நெருக்கமாக இருக்காது. மேடு துருப்பிடித்த செம்பழுப்பாகத் தெரிந்தால் வறட்சி என்று நினைத்துவிடாமல் குனிந்து இலையைப் பாருங்கள். ஹெதர் வண்டின் புழு அரித்திருக்கலாம். அந்தப் பக்கத்தில் அந்த வருடம் பெட்டி வைத்துப் பயனில்லை.

மேட்டில் மூன்று வகைப் பூ கலந்து நிற்கும். காய்ந்த சரிவில் ஜூலையிலேயே அடர் ஊதாவாகப் பூப்பது பெல் ஹெதர். ஈரம் நிற்கும் இடத்தில், கிளை நுனியில் கொத்தாக வெளிர் சிவப்பில் இருப்பது இன்னொன்று. ஆகஸ்டில் மேட்டையே நிறம் மாற்றுவது லிங். சீசன் என்று எல்லோரும் சொல்வது இந்த லிங்கைத்தான்: ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆரம்பித்து செப்டம்பர் முதல் வாரத்தோடு தேய்ந்துவிடும். நல்ல வெயில் நாளில் செடிகளுக்குள் நடந்துவிட்டு ஷூவைப் பாருங்கள். சாம்பல் நிறத் தூள் படிந்திருந்தால் பூ வேலை செய்கிறது என்று அர்த்தம். அதுவே குளிர்காற்றும் தூறலுமாக இருந்தால், ஊதாவுக்கு நடுவிலேயே தேனீ பட்டினி கிடக்கும். மேட்டில் அந்த மாதம் வேறு தீனி குறைவு. அதனால் ஏற்றும்போதே ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு அடைச் சட்டமாவது தேனோடு இருக்கட்டும்.

எந்தக் கூட்டத்தைத் தேர்வு செய்வது? இந்த வருடத்து ராணி, கீழ் அறையில் மூடிய புழு அடை நிறைய. மேட்டில் வேலைக்காரத் தேனீ சீக்கிரம் தேய்ந்துவிடும். பின்னாலிருந்து புதுசு வந்துகொண்டே இருக்க வேண்டும். நலிந்த கூட்டத்தை அங்கே அனுப்பித் தேற்றலாம் என்று நினைக்காதீர்கள்.

இப்போது நண்பரின் எந்திரம். எந்திரத்தில் கோளாறு இல்லை. லிங் தேனில் உள்ள ஒருவகைப் புரதத்தால் அது அடையிலேயே ஜெல்லி மாதிரி கட்டிக்கொள்ளும். பாட்டிலைச் சாய்த்தால் அசையாது. கரண்டி விட்டுக் கிளறினால் இளகி ஓடும். விட்டுவிட்டால் மறுபடி கட்டிவிடும். உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழி சிக்கி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இதைச் சுற்றி எடுக்க முடியாது. ஊசிமுனை உருளையால் அடையின் ஒவ்வொரு கண்ணையும் குத்திக் கலக்கிவிட்டுச் சுற்றலாம், அல்லது அடையோடு வெட்டிப் பிழியலாம். இரண்டு பெட்டிக்கு நான் சொல்வது மூன்றாவது வழி: பெட்டியின் மேலடுக்கான தேன் அறையில் கம்பி இல்லாத மெல்லிய மெழுகுத் தாள் போட்டு, அடையையே துண்டு போட்டு விற்றுவிடுங்கள். வேலையும் குறைவு, விலையும் கூடுதல். ஈரம் கூட இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மற்றத் தேனில் ஈரத்துக்கு அரசு விதி வைத்த எல்லை 20 சதவீதம். ஹெதர் தேனுக்கு 23. பெல் ஹெதர் தேன் இப்படிக் கட்டாது, செந்நிறமாகச் சாதாரணமாகவே ஓடும்.

இடம் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆகஸ்ட் 12-ல் க்ரௌஸ் வேட்டை தொடங்குகிறது. அதற்குப் பிறகு மேட்டுக் காவலர்களிடம் போய் நின்றால் முகம் கொடுத்துப் பேசக்கூட நேரம் இருக்காது. வசந்தத்திலேயே பேசி, துப்பாக்கி வரிசை வராத ஓரமாக, காற்று மறைவான கல்சுவருக்குப் பின்னால் இடம் வாங்குங்கள். சுற்றி வேலி கட்டாயம். அங்கே ஸ்வேல்டேல் செம்மறிகள் அவிழ்த்துவிட்டபடி மேயும். முதுகு அரித்தால் பெட்டியில்தான் வந்து உரசும். பெட்டியைப் பட்டையால் இறுக்கிக் கட்டி வையுங்கள்.

தேனீயை அடக்கும் புகைப்பானை மேட்டில் பற்றவைப்பதை முடிந்தவரை தவிருங்கள். 2025 ஆகஸ்டில் லாங்டேல் மூரில் பிடித்த தீ பீட் மண்ணுக்குள் இறங்கி வாரக்கணக்கில் புகைந்தது. தண்ணீர்த் தெளிப்பான் போதும். பற்றவைத்தே ஆக வேண்டும் என்றால் அணைக்க ஒரு வாளித் தண்ணீர் காரில் இருக்கட்டும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள்: செம்மறி மேயும் மேட்டில் உண்ணி உண்டு, லைம் நோயும் அதனால்தான் வருகிறது. கல்லைக் கையால் புரட்டாதீர்கள். பிரிட்டனின் ஒரே விஷப்பாம்பான ஆடர் அங்கே வெயில் காயும். தானாகச் சீண்டாது, மிதித்தால் கடிக்கும்.

இன்னொன்று, பெட்டிகளைக் குறைவாகவே வைக்கச் சொல்வதற்கு உங்கள் லாபம் மட்டும் காரணம் இல்லை. அந்தப் பூவை நம்பி மேட்டுக்கே உரிய காட்டுத் தேனீக்களும் சிவந்த பின்பக்கம் கொண்ட மலை பம்பிள் தேனீயும் இருக்கின்றன. இருபது முப்பது பெட்டிகளை ஒரே மூலையில் இறக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அடைப்புழு அழுகல் நோய் பரவவும் அதுதான் நல்ல வழி. புது இடத்தைத் தேசியத் தேனீப் பிரிவின் பீபேஸ் பதிவில் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, தேனீயிலும் புழுவிலும் ஒட்டி வாழும் வரோவா உண்ணி. ஹெதருக்குப் போகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். தேன் அறை செப்டம்பர் நடுவரை பெட்டி மேலேயே இருப்பதால் மருந்து தள்ளிப்போகிறது. அதற்குள் குளிர்காலத் தேனீக்களைப் புழுவிலேயே வரோவா கெடுத்துவிடும். திரும்பி வந்து தைமால் என்ற வரோவா மருந்தை வைக்கலாம் என்றால், 15 டிகிரிக்குக் கீழே அது சரியாக ஆவியாகாது. யார்க்‌ஷயர் செப்டம்பரை நம்ப முடியாது. ஏற்றுவதற்கு முன் ஜூலையிலேயே உதிரும் வரோவாவை எண்ணுங்கள். அதிகமாக இருந்தால் தேன் அறை இருக்கும்போதே வைக்க அனுமதி உள்ள ஃபார்மிக் அமிலப் பட்டையை லேபிளில் சொன்னபடி வையுங்கள். இல்லையென்றால் அந்தப் பெட்டியை லீட்ஸிலேயே விட்டுவிட்டு வேறொன்றை ஏற்றுங்கள்.